பாப்பா வழி

காலை ஏழு மணிக்கு டிராக்டர்காரர் மண்வெட்டியோடு தன் அக்கா வீட்டு வாசலில் நிற்பார். யாரும் கூப்பிட்டு வருவதில்லை. பதினொரு வருஷமாக இப்படித்தான். காற்றுக் காலம் ஐந்து மாதமும் தினம் தினம், மற்ற மாதங்களில் நாள் விட்டு நாள். விடிவதற்குள் முழங்கால் உயரத்துக்கு வந்து குவிந்திருக்கும் மணலை அள்ளி டிரெய்லரில் போடுவார். டிரெய்லர் நிறைந்ததும் ஊரை ஒட்டிய மணல்மேட்டின் மேல் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவார். அதற்குப் பிறகுதான் அவருக்குத் தொண்டையில் டீ இறங்கும்.

“என்னடா தம்பி, இன்னிக்கு லோடு கம்மியா இருக்கு? மேட்டுக்கு என் மேல கோவமா?” என்று அக்கா உள்ளேயிருந்து கேட்பாள்.

“நீ வாயை மூடிக்கிட்டு இரு அக்கா. திறந்தா அதுக்குள்ளயும் போகும்.”

“போனா போகட்டும். பல்லுல நறநறன்னு இருந்தாத்தான் எனக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்கு.”

அக்கா தையல்காரி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் சீருடை முழுக்க அவள் கையால் தைத்ததுதான். மணல்மேட்டின் அடிவாரத்தில் வரிசையாகப் பதினொரு வீடுகள், அதில் முதல் வீடு அவளுடையது. ஒரு கூடம், ஒரு சமையலறை, அவ்வளவுதான் வீடு. கூடம் சின்னது என்பதால், அவள் கணவர் வீடு கட்டும்போதே வாசல் கதவை வெளிப்பக்கமாகத் திறக்கும்படி வைத்திருந்தார். உள்ளே திறந்தால் தையல் மெஷினில் இடிக்கும். மெஷின் வாசல் வெளிச்சத்தில் இருக்க வேண்டும், ஊசியில் நூல் கோக்க அப்போதுதான் சௌகரியம் என்பது அவர் கணக்கு. மணல் வர ஆரம்பித்த பிறகு அந்தக் கணக்கு செல்லாமல் போய்விட்டது. காலையில் கதவைத் தள்ளினால் வெளியே மணல் முட்டுக்கொடுத்து நிற்கும். ஒருநாள் மத்தியானம் வரை அக்கா உள்ளேயே மாட்டிக்கொண்டாள். அப்புறம்தான் கீலைக் கழற்றிக் கதவை உள்பக்கமாகத் திருப்பி வைத்தார்கள். மெஷின் மூலைக்குப் போனது. பகலிலும் விளக்கைப் போட்டுக்கொண்டு, கண்ணை இடுக்கிக்கொண்டு தைத்தாள்.

“என் வீட்டுக்கு வந்துடேன் அக்கா. இடமா இல்ல?” என்று டிராக்டர்காரர் எத்தனையோ முறை கேட்டாயிற்று. அவர் வீடு கிழக்கே, மணல் எட்டாத தூரத்தில் இருந்தது.

அக்கா இந்த ஒரு பேச்சுக்கு மட்டும் சிரிக்க மாட்டாள். அதற்குக் காரணம் இருந்தது. அப்பா அம்மா போன பிறகு அக்காவும் தம்பியும் வளர்ந்தது சித்தப்பா வீட்டில், பெரியம்மா வீட்டில், அப்புறம் யார் யார் வீட்டிலோ. ஒரு பெரியம்மா தண்ணீர்ப் பானைக்கு மேல் ஒரு தட்டைக் கவிழ்த்து, தட்டின் மேல் கல்லை வைத்திருந்தாள். கேட்காமல் தண்ணீர் குடித்தால் கல் உருளும் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். தாகம் எடுக்கும்போதெல்லாம் அக்காதான் போய் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கேட்பாள். “தண்ணி குடிச்சுக்கட்டுமா?” தம்பி சின்னவன், அவனைக் கேட்கவிட மாட்டாள். கல்யாணமாகி, சொந்தமாக வீடு கட்டி, முதல் நாள் சமையலறையில் ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, “இனிமே செத்தாலும் தண்ணிக்கு யாரையும் கேக்க மாட்டேன்டா” என்று தம்பியிடம் சொன்னாள். மூன்று வருஷத்தில் கணவர் போய்ச் சேர்ந்தார். பிள்ளை குட்டி இல்லை. அவளுக்கு என்று இருந்தது அந்த வீடு ஒன்றுதான்.

அந்த வீட்டை மணல் தின்றுகொண்டிருந்தது. தின்ன வைத்தவர் டிராக்டர்காரர். இதை ஊரில் யாரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை, சொல்ல அவசியமும் இருக்கவில்லை, மேட்டின் மேல் போகும் அந்த வழிக்குப் பெயரே அவர் மகள் பெயர்தானே.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் மேடு முழு மேடாக இருந்தது. உச்சியில் முழங்கால் உயரப் புல், சரிவில் முள்செடி, செடி இல்லாத இடத்தில் மழை பெய்து காய்ந்து இறுகிய பொருக்கு. காலை வைத்தால் அப்பளம் போல நொறுங்கும், ஆனால் காற்றுக்கு அசையாது. மேட்டுக்கு அந்தப் பக்கம் டவுன், டவுனில் ஆஸ்பத்திரி. தார்ச்சாலை மேட்டைச் சுற்றிக்கொண்டு போகும். டிராக்டரில் முக்கால் மணி நேரம். மேட்டின் மேல் ஏறி இறங்கினால் பத்து நிமிஷம், ஆனால் யாரும் ஏறியதில்லை, அங்கே வழியே கிடையாது.

அவர் மனைவிக்கு வலி வந்த அன்று குழந்தை திரும்பிக் கிடந்தது. மருத்துவச்சி கையைப் பிசைந்துகொண்டு, “முக்கால் மணி நேரமெல்லாம் தாங்காதுப்பா” என்றாள். டிரெய்லரில் மெத்தையைப் போட்டு, அக்கா மடியில் மனைவியின் தலையை வைத்து, டிராக்டர்காரர் டிராக்டரை நேராக மேட்டின் மேல் விட்டார். சக்கரம் புல்லை வேரோடு பிடுங்கி எறிந்தது. அக்கா பின்னாலிருந்து, “விடுடா தம்பி, விடு, ஏறிடும்” என்று கத்திக்கொண்டே வந்தாள். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. பெண் குழந்தை. ஊரே அதற்குப் பாப்பா என்று பெயர் வைத்துவிட்டது, இன்றைக்கும் அவள் பாப்பாதான்.

மறுநாள் பால்காரர் அந்தச் சக்கரத் தடத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அடுத்த வாரம் ஆடுகள் போயின, தடத்து ஓரத்துப் புல்லை மேய்ந்துகொண்டே. பிறகு மோட்டார் பைக், தண்ணீர் லாரி, செங்கல் வண்டி. ‘பாப்பா வழி’ என்றார்கள். டிராக்டர்காரருக்குக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறைதான். பாப்பா நடக்கப் பழகியதும் அவளைத் தோளில் வைத்துக்கொண்டு போய், “இது யார் வழி?” என்று கேட்பார். “எங்க வழி” என்று அவள் மழலையில் சொல்வாள். நல்ல காலம்தான் அது, இல்லையென்று சொல்ல முடியாது.

காற்று அவசரப்படவில்லை. முதலில் தடம் அகலமானது, பிறகு பள்ளமானது, பிறகு மேடு அந்த இடத்தில் வாயைத் திறந்தது. பத்து வருஷத்தில் இரண்டு லாரிகள் எதிரெதிரே போகுமளவு வாய். மேற்குக் காற்று அதற்குள் நுழைந்து, பக்கவாட்டு மணலைச் சுரண்டி எடுத்துக்கொண்டு, நேர் எதிரில் இருந்த அக்கா வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்கியது. மற்ற பத்து வீட்டுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் போனது.

டிராக்டர்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. எடுத்த இடத்திலேயே திருப்பிக் கொட்டினால் அடைபட்டுவிடும் என்று நினைத்தார். அக்கா வாசல் மணலை ஏற்றிக்கொண்டு மேலே போய், வாய் திறந்த இடத்திலேயே கொட்டினார். மழையோ வெயிலோ ஒரு முறை தவறவில்லை. பதினொரு வருஷம்.

அப்படி ஒருநாள் கொட்டிக்கொண்டிருந்தபோதுதான் குச்சி மேடம் வந்தாள். நில ஆய்வு அலுவலகத்திலிருந்து வந்த பெண். மேடு நெடுகிலும் இரும்புக் குச்சிகளை நட்டு, மாதா மாதம் வந்து எந்தக் குச்சியில் மணல் எவ்வளவு ஏறியிருக்கிறது, எதில் இறங்கியிருக்கிறது என்று அளந்து எழுதிக்கொண்டு போவாள். அதனால் அந்தப் பெயர். தன்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று அவளுக்கும் தெரியும், கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள்.

“ஐயா, தினமும் இங்கயா கொட்டறீங்க?” என்றாள்.

“ஆமாம்மா. ஓட்டையை அடைக்கிறேன்.”

அவள் மறுநாள் நீலச் சாயத்தில் பிரட்டிக் காயவைத்த மணல் இரண்டு மூட்டை கொண்டுவந்தாள். “இன்னிக்கு உங்க லோடோட இதையும் கொட்டிடுங்க. அப்புறம் பாக்கலாம்” என்றாள். டிராக்டர்காரருக்கு விளையாட்டாக இருந்தது. கொட்டினார்.

ஒன்பதாம் நாள் காலை மண்வெட்டியோடு போனபோது, அக்கா வாசற்படியில் உட்கார்ந்து படியையே பார்த்துக்கொண்டிருந்தாள். படியின் ஓரத்தில், கோலப்பொடி சிந்தியது போல, நீலமாக ஒரு கோடு.

“உன் சரக்கு உன்னைத் தேடிக்கிட்டு வந்திருக்குடா” என்றாள் அக்கா. சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை.

குச்சி மேடம் அன்று மாலை வந்து பக்குவமாகத்தான் சொன்னாள். கொட்டிய மணலுக்கு வேரும் இல்லை பொருக்கும் இல்லை, காற்றுக்கு அதைத் தூக்குவது சுலபம். அது போதாதென்று தினமும் டிராக்டர் ஏறி இறங்கி, கொஞ்சநஞ்சம் இறுகியதையும் உடைக்கிறது. “நீங்க அடைக்கலைங்க ஐயா. அடைக்கப் போற வண்டிதான் அதைப் பெருசாக்குது.”

டிராக்டர்காரர் வண்டிக் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். தன் கையாலேயே, தினம் ஏழு மணிக்கு, ஒரு கடமை போல, கூடப்பிறந்தவளின் வீட்டைப் புதைத்திருக்கிறோம் என்பது அவருக்குத் தாங்கவில்லை. வெளியே பாப்பா, “அப்பா, கதவைத் திறங்கப்பா” என்று தட்டிக்கொண்டேயிருந்தாள்.

வழியை மூடுவதைப் பற்றிப் பேசப் பள்ளிக்கூடத்து ஹாலில் ஊர் கூடியது. குச்சி மேடம் கேட்டது மூன்று காற்றுக் காலம். மூன்று வருஷத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சக்கரம், ஒரு குளம்பு, ஒரு செருப்பு போகக்கூடாது. சுள்ளியில் படல் கட்டி நட வேண்டும், காற்று கொஞ்சம் புகுந்து மணலை உதிர்த்துவிட்டுப் போகும்படி இடைவெளி விட்டு. செங்கல் சுவர் எழுப்பினால் காற்று அதன் இரண்டு முனையிலும் தோண்டி, ஒரு வாய் இரண்டு வாயாகிவிடும். படலுக்குப் பின்னால் புல் நட்டு, அது வேர் பிடிக்கும் வரை தண்ணீர் ஊற்ற வேண்டும்.

“முக்கால் மணி நேரம் சுத்திப் போறதுன்னா பால் திரிஞ்சுடும்” என்றார் பால்காரர். தண்ணீர் லாரிக்காரர் ஒரு பாட்டு பாடினார். செங்கல் சூளைக்காரர் இன்னொரு பாட்டு. கடைசியில் யாரோ பின்வரிசையிலிருந்து, “சரி, ஆஸ்பத்திரிக்கு?” என்றார். அந்த வழி பிறந்ததே ஆஸ்பத்திரிக்காகத்தான்.

அக்கா எழுந்தாள். “ஆஸ்பத்திரிக்கும் சுத்தித்தான். நாளைக்கு எனக்கே வந்தாலும் சுத்தித்தான் கொண்டு போகணும். என் ஒரு வீட்டுக்காக நான் கேக்கல. இன்னிக்கு என் வீடு, அப்புறம் வரிசையா எல்லார் வீடும்தான்.”

மூன்று காற்றுக் காலமும் வழியை மூடி வைப்பதாக அன்றே எல்லோரும் வாக்குக் கொடுத்தார்கள்.

முதல் வருஷம் படல்கள் கழுத்தளவு மணலில் புதைந்தன. அது நல்லது என்று குச்சி மேடம் சொன்னபோது எல்லோரும் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். அதன் மேல் இரண்டாவது வரிசைப் படல் நட்டார்கள். டிராக்டர்காரர் டிராக்டரை அடிவாரத்தில் நிறுத்திவிட்டு, இரண்டு தோளிலும் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தே ஏறிப் புல்லுக்குத் தண்ணீர் ஊற்றினார். குதிகால் வைத்தால் குழி விழும் என்று நுனிக்காலில் நடந்தார். ஐம்பது வயதுக்கு மேல் பரதநாட்டியம் பழகுகிறார் என்று மனைவி கேலி செய்தாள். பாப்பாவுக்கு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை. பேருந்தில் சுற்றிக்கொண்டு போக விடியுமுன்னே எழுந்தாள், ஒருநாளும் முணுமுணுக்கவில்லை.

அந்த முதல் இரண்டு வருஷத்தில் நடந்த ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். பால்காரரின் அப்பாவுக்கு ஒரு பகலில் ஒருபக்கம் இழுத்துக்கொண்டது. பால்காரர் அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு மேட்டடிவாரம் வரை வந்தார். படலைப் பார்த்தார். வண்டியைத் திருப்பிச் சாலையில் விட்டார். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது டாக்டர் கையை விரித்துவிட்டார். காரியமெல்லாம் முடிந்து பத்து நாள் கழித்து, பால்காரர் வழக்கம் போல அக்கா வீட்டில் பால் ஊற்றினார். அக்கா அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். “வாக்குன்னா வாக்குதானே அக்கா” என்றார் அவர்.

இரண்டாம் வருஷக் கடைசியில் வாய் இருந்த இடத்தில் பச்சை தெரிந்தது. அக்கா வாசலில் காலையில் ஒரு முறம் மணல்தான் இருந்தது, அதை அவளே பெருக்கித் தள்ளினாள். ஏழு மணிக்கு மண்வெட்டியோடு வந்த தம்பியைப் பார்த்து, “வேலையில்லா பட்டதாரி வந்துட்டார்” என்றாள். அந்த வாரம் தச்சரைக் கூப்பிட்டு, கதவைக் கழற்றி, மறுபடி வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாட்டினாள். மெஷினை மூலையிலிருந்து இழுத்து வாசல் வெளிச்சத்தில் போட்டாள்.

“இன்னும் ஒரு காத்துக் காலம் இருக்குக்கா. அவசரப்படாத” என்றார் டிராக்டர்காரர்.

“எனக்கு நம்பிக்கை வந்துடுச்சுடா” என்றாள். ஊசியில் நூலை ஒரே தடவையில் கோத்துக் காட்டினாள்.

மூன்றாவது காற்றுக் காலம் தொடங்கிப் பன்னிரண்டாம் நாள், காலை பத்து மணிக்கு, அக்கா மெஷின் மேல் சாய்ந்துவிட்டாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள், முகமெல்லாம் வேர்வை, உதடு வெளுத்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடிவந்து சொன்னதும் டிராக்டர்காரர் டிரெய்லரை மாட்டினார். அதே மெத்தை இல்லை, ஆனால் ஒரு மெத்தை. இந்தத் தடவை அக்காவின் தலை அவர் மனைவியின் மடியில் இருந்தது.

அடிவாரத்தில் சாலை இடப்பக்கம் திரும்பும். நேரே படல், படலுக்கு அந்தப் பக்கம் புல். டிராக்டர்காரரின் கால் தானாகவே பிரேக்கை மிதித்தது.

“சுத்திப் போ” என்றாள் அக்கா. சத்தம் வரவில்லை, உதடு அசைந்ததைப் பார்த்தார். பிறகு கொஞ்சம் சத்தமும் வந்தது. “தம்பி. சுத்திப் போடா.”

“அண்ணிக்குக் கை ஜில்லுன்னு ஆயிடுச்சுங்க” என்று மனைவி கத்தினாள்.

அவர் பால்காரரின் அப்பாவை நினைத்தார். நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். தான் குடம் குடமாக ஊற்றிய தண்ணீரை நினைத்தார். பிறகு, கல் வைத்த பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தனக்காகவும் சேர்த்துக் கேட்ட சின்னப் பெண்ணின் முகம் வந்தது. அதற்கு மேல் அவரால் எதையும் நினைக்க முடியவில்லை. டிராக்டர் நேராகப் படல் மேல் ஏறியது. சுள்ளிகள் சடசடவென்று முறிந்தன. இரண்டு வருஷப் புல் சக்கரத்துக்கடியில் கொத்துக் கொத்தாகப் பெயர்ந்து பின்னால் பறந்தது. அக்கா கையைத் தூக்கி டிரெய்லர் பலகையைத் தட்டினாள், ஒரு தடவை, இரண்டு தடவை. நிறுத்தச் சொல்கிறாள் என்று அவருக்குத் தெரியும். திரும்பிப் பார்க்காமல் ஓட்டினார்.

“இன்னும் பத்து நிமிஷம் லேட்டாகியிருந்தா ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது” என்றார் டாக்டர். டிராக்டர்காரர் அங்கிருந்த சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பாப்பா மருந்தகத்திலிருந்து ஓடிவந்தாள். அப்பாவின் செருப்பில் ஒட்டியிருந்த புல் வேரைப் பார்த்தாள். எல்லாம் புரிந்துவிட்டது அவளுக்கு.

மறுநாள் விடிந்ததும் பாப்பா மேட்டுக்குப் போனாள். உடைந்த படலுக்கு நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். முதலில் வந்தது பால்காரர், பைக்கில், இரண்டு பக்கமும் கேனோடு.

“மாமா, வேணாம் மாமா. ஒரு தடம்தான் விழுந்திருக்கு. நாங்க அடைச்சுடறோம். தயவு செஞ்சு சுத்திப் போங்க.”

பால்காரர் இன்ஜினை அணைத்தார். கோபமாக இருந்தால்கூடத் தேவலை போலிருந்தது, அவர் கோபமாக இல்லை.

“எங்கப்பாவை நான் சுத்தித்தான் கொண்டு போனேன் பாப்பா” என்றார்.

அவள் கைகள் தாமாகக் கீழே இறங்கின. பால்காரர் பைக்கைக் கிளப்பிக்கொண்டு அவளைக் கடந்து ஏறினார். அவருக்குப் பின்னால் இன்னொரு பைக். மத்தியானம் ஆடுகள். மூன்றாம் நாள் தண்ணீர் லாரி. யாரை எப்படிக் குற்றம் சொல்வது?

குச்சி மேடம் வந்து பார்த்தாள். திட்டுவாள் என்று டிராக்டர்காரர் எதிர்பார்த்தார். அவள் ஒரு குச்சியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, அளந்து, எழுதிக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மணல் தூசி என்றாள்.

இந்த முறை காற்று பத்து வருஷம் எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு வருஷமாகப் படல்கள் பிடித்துச் சேர்த்து வைத்திருந்த மணல் அத்தனையும் வேர் பிடிக்காமல் காத்திருந்தது. அது மொத்தமாகக் கிளம்பியது. அக்கா ஆஸ்பத்திரியில் இருந்த இருபது நாளும் தம்பி குடும்பம் பெரும்பாலும் அங்கேயே கிடந்தது, வாசல் மணலை அள்ள ஆள் இல்லை.

இருபத்தோராம் நாள் சாலை வழியாக, சுற்றிக்கொண்டு, அக்காவை அழைத்துவந்தார்கள். அவள் நேராகத் தன் வீட்டுக்கு விடச் சொன்னாள். டிராக்டர்காரர் கைத்தாங்கலாக இறக்கிவிட்டார்.

வாசல் கதவின் தாழ்ப்பாள் உயரத்துக்கு மணல் இருந்தது. வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு. அக்கா மணலில் கால் புதையப் புதைய நடந்து, கதவின் கைப்பிடியைப் பிடித்துத் தன் பக்கமாக இழுத்தாள். அசையவில்லை. ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். மெஷின் வாசல் பக்கமே நின்றது, பாதி தைத்த சட்டை ஒன்று ஊசிக்கடியில் இருந்தது, அதன் மேல் மெல்லிசாக மணல்.

“உன்னை யாருடா அந்தப் பக்கம் போகச் சொன்னது?” என்றாள். சண்டை போடும் குரல் இல்லை. உண்மையாகவே கேட்பது போலக் கேட்டாள்.

“நீ செத்துப் போயிருப்பக்கா.”

“ஆமா” என்றாள் அக்கா. “என் வீட்டுல இருந்து போயிருப்பேன்.”

டிராக்டர்காரர் நான்கு நாள் மண்வெட்டியைக் கீழே வைக்காமல் அள்ளினார். அள்ளிய மணலை எங்கே கொட்டுவது என்று தெரியாமல் டிரெய்லரோடு நின்றார். ஐந்தாம் நாள் மேற்குச் சுவர் விரிசல் விட்டு உள்பக்கம் சாய்ந்தது. ஜன்னல் கம்பியை அறுத்து மெஷினை வெளியே எடுத்தார்கள்.

அக்கா தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். தெருப் பக்கத்து அறையை அவளுக்காக ஒழித்து, வெளிச்சம் படும் இடமாகப் பார்த்து மெஷினைப் போட்டார்கள். அவள் கட்டிலின் ஓரத்தில், எந்த நேரமும் எழுந்து போகப் போகிறவள் போல உட்கார்ந்திருந்தாள். பையிலிருந்து துணிகளை எடுத்து அலமாரியில் வைக்கவில்லை. பாப்பாவின் அம்மா, “இது உங்க வீடு அண்ணி” என்று பத்துத் தடவை சொன்னாள். அக்கா ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினாள்.

மத்தியானம் டிராக்டர்காரர் கூடத்தில் வெறுமனே உட்கார்ந்திருந்தார். செய்வதற்கு ஒன்றுமில்லை. அக்கா அறையிலிருந்து எழுந்து மெதுவாகச் சமையலறை வரை நடந்தாள். நிலைப்படியில் நின்றாள். உள்ளே யாரும் இல்லை. பானை மூடியின் மேல் கல் ஒன்றும் இல்லை, டம்ளர் கைக்கெட்டும் தூரத்தில் கவிழ்ந்திருந்தது. அவள் உள்ளே போகவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு, தம்பி பக்கம் திரும்பினாள்.

“தம்பி,” என்றாள். “தண்ணி குடிச்சுக்கட்டுமா?”